சிபேனல்: இடம், பேண்ட்வித், மெயில் மூன்றில் எது தேறும், எது தேறாது

ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்வது) வாங்கியவர்களில் பலர், தளத்தையும் மெயிலையும் நிர்வகிக்கிற சிபேனல் என்ற பேனலைத் திறப்பது இரண்டே சமயங்களில்தான். வேர்ட்பிரஸ் போடும்போது ஒரு தடவை, தளம் படுத்த பிறகு ஒரு தடவை. சில சின்ன நிறுவனங்களின் தளங்களையும் மெயிலையும் பார்த்துக்கொள்வது என் வேலை, அதனால் இந்தப் பேனலோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. டொமைன் சேர்ப்பது, எஸ்எஸ்எல் போடுவது பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொள்வது திடீரென்று ஒரு நாள் கழுத்தைப் பிடிக்கிற மூன்று விஷயங்களை மட்டும்: டிஸ்க் இடம், பேண்ட்வித் (சர்வரிலிருந்து போய்வருகிற டேட்டாவின் அளவு), மெயில். தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். மெயிலுக்கு அருமை, இடத்துக்குப் பரவாயில்லை, பேண்ட்வித்துக்கு ரொம்ப சுமார்.

சிபேனல் 1996-இல் வந்தது. இதற்கு இரண்டு முகம். நமக்குத் தெரிவது 2083 போர்ட்டில் திறக்கிற சிபேனல். ஹோஸ்டிங்காரர் பார்ப்பது 2087-இல் திறக்கிற டபிள்யூஎச்எம். நமக்கு எவ்வளவு இடம், மணிக்கு எத்தனை மெயில், எந்த ஐகான் தெரிய வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. ஆகவே ஒரே சிபேனல் இரண்டு நிறுவனங்களில் இரண்டு விதமாக இருக்கும். கீழே நான் பாராட்டுகிற ஏதாவது ஒன்று உங்கள் பேனலில் காணாமல் போயிருந்தால் அது ஹோஸ்டிங்காரர் மூடி வைத்தது. 2019-இல் லைசன்ஸ் கட்டணத்தை சர்வரில் இருக்கிற கணக்குகளின் எண்ணிக்கைப்படி மாற்றியபோது கடுப்பாகி டைரக்ட்அட்மின் என்ற போட்டிப் பேனல் பக்கம் போன ஹோஸ்டிங்காரர்களும் உண்டு. அது தனிக் கதை.

சரி, இடம். உள்ளே நுழைந்ததும் ஓரத்தில் புள்ளிவிவரப் பட்டியல் ஒன்று தெரியும். டிஸ்க் எவ்வளவு, பேண்ட்வித் எவ்வளவு, மெயில் கணக்கு எத்தனை என்று வரிசையாக ஓடும். எல்லோரும் முதல் வரியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். பார்க்க வேண்டியது கொஞ்சம் கீழே இருக்கிற கோப்பு எண்ணிக்கை, அதாவது ஐநோட். சர்வரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு ஐநோட் செலவாகும். அது 1 கேபி ஃபைலா, 1 ஜிபி ஃபைலா என்பது பொருட்டே இல்லை. "அன்லிமிடெட் ஸ்பேஸ்" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிற நிறுவனங்கள் இந்த ஐநோட்டுக்குத்தான் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், அதுவும் விதிமுறைப் பக்கத்தில் எங்கேயோ ஒரு மூலையில். ஜிபி தீராது, ஐநோட் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் புது ஃபைல் எதுவும் எழுதாது, புது மெயில் உள்ளே வராது, பேனலோ இன்னும் பாதி இடம் காலியாக இருக்கிறது என்று பச்சைக் கோடு காட்டும்.

ஐநோட்டை வேர்ட்பிரஸ் எப்படித் தின்கிறது என்று பாருங்கள். ஒரு படம் ஏற்றினால் ஒரு ஃபைல் என்று நினைப்போம். 150, 300, 768, 1024, 1536, 2048 பிக்சல் என்று அது தானாகவே சின்னப் பிரதிகள் போடும், மூலப்படம் 2560-ஐத் தாண்டினால் அதையும் சுருக்கி இன்னொன்று வைக்கும், அதற்கு மேல் தீமும் கடை பிளகினும் தங்களுக்கு வேண்டிய அளவுகளைச் சேர்த்துக்கொள்ளும். ஆயிரம் படம் போட்ட தளத்தில் எட்டாயிரம், பத்தாயிரம் ஃபைல் கிடப்பது சாதாரணம். கேச் பிளகின் வேறு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு எச்டிஎம்எல், அதன் சுருக்கிய பிரதி ஒன்று என்று எழுதித் தள்ளும். எந்த அளவில் படம் தேவையே இல்லை என்று பார்த்து அதை நிறுத்தி வைப்பது நல்லது. ஏற்கெனவே கிடப்பவற்றைப் பேனலால் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு வேர்ட்பிரஸ் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

டிஸ்க் யூசேஜ் என்ற கருவியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஃபோல்டரும் எவ்வளவு என்று கோட்டுப்படத்தோடு காட்டும், அளவுப்படி வரிசைப்படுத்தலாம், உள்ளே உள்ளே இறங்கிப் போகலாம். டேட்டாபேஸ் எவ்வளவு, மறைந்திருக்கிற ஃபோல்டர்கள் எவ்வளவு என்றும் தனியாகச் சொல்லும். இறங்கிப் பார்த்தால் குற்றவாளிகள் பெரும்பாலும் ஒரே கூட்டம்தான். முதலாவது பேக்கப். அப்டிராஃப்ட்பிளஸ் மாதிரி பிளகின்கள் சும்மா விட்டால் டபிள்யூபி-கன்டென்ட்டுக்குள்ளேயே பழைய பேக்கப்பை வைத்துக்கொள்ளும், வேர்ட்பிரஸ் போன்றவற்றை நிறுவித் தருகிற சாஃப்டாகுலஸ் தனக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் அடுக்கும், சிபேனலிலேயே முழு பேக்கப் எடுத்தால் அந்தப் பெரிய மூட்டை ஹோம் ஃபோல்டரில் வந்து உட்காரும். தளமும் அதன் பேக்கப்பும் ஒரே டிஸ்க்கில் இருந்து என்ன பயன் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவது எரர் லாக். பழைய பிளகின் ஒன்று ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் ஒரு எச்சரிக்கை வரி எழுதிக்கொண்டிருக்கும், அது எந்த ஃபோல்டரில் ஓடுகிறதோ அங்கேயே எரர் லாக் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வளர்ந்து ஜிபி கணக்கில் போய் நிற்கும். ஃபைலை அழிப்பதற்கு முன் கடைசி சில வரிகளைப் படியுங்கள், எந்தப் பிளகின் என்று பெயரோடு இருக்கும். அதைச் சரிசெய்யாமல் அழித்தால் அடுத்த மாதம் திரும்ப வளர்ந்து நிற்கும்.

மூன்றாவது ஃபைல் மேனேஜரின் குப்பைத்தொட்டி. அங்கே அழிப்பதெல்லாம் ஹோம் ஃபோல்டரில் ட்ராஷ் என்ற மறைந்த ஃபோல்டருக்குப் போகிறது, அதுவும் உங்கள் கணக்கிலேயே சேரும். 3 ஜிபி அழித்தேன், எண் அசையவே இல்லை என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பதில். மீதிப் பாதிக்கு, பேனல் காட்டுகிற எண் உடனுக்குடன் மாறாது, சேமித்து வைத்த பழைய கணக்கையே கொஞ்ச நேரம் காட்டும் என்பது பதில். இது எனக்குப் பிடிக்காத விஷயம். அவசரத்தில் இருக்கிறவனுக்குப் பழைய எண்ணைக் காட்டினால் அவன் அழிக்கக் கூடாததையும் அழிக்கத் தொடங்குவான். குறைந்தபட்சம் எப்போது எடுத்த கணக்கு என்று பக்கத்திலேயே நேரத்தைப் போடலாம்.

டேட்டாபேஸிலும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு. ஸ்பேம் கமென்ட், பழைய ரிவிஷன் எல்லாம் அழித்தபிறகும் அளவு குறையாது, ஏனென்றால் இன்னோடிபி (டேட்டாபேஸின் சேமிப்பு முறை) அழித்த வரிகளின் இடத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு புது வரிகளுக்குப் பயன்படுத்தும். டேட்டாபேஸைத் திறந்து பார்க்கிற பிஎச்பிமைஅட்மினில் அந்த டேபிளைத் தேர்ந்தெடுத்து ஆப்டிமைஸ் கொடுத்தால்தான் இடம் திரும்பும். அதைச் செய்ய அதே அளவு தற்காலிக இடமும் வேண்டும் என்பதால் டிஸ்க் நிரம்பி வழிகிறபோது ஆரம்பிக்காதீர்கள்.

நிரம்பி வழிவது என்றதும் ஞாபகம் வருகிறது, டிஸ்க் முழுக்க நிரம்பிய கணக்கில் முதல் வேலையாக எந்த ஃபைலையும் திறந்து திருத்தி சேவ் செய்யாதீர்கள். எழுத இடமில்லாததால் ஃபைல் 0 பைட்டாக மாறிவிடும். சர்வர் விதிகள் இருக்கிற எச்டிஅக்சஸ் போனால்கூடத் திரும்ப எழுதலாம், டேட்டாபேஸ் இணைப்பு விவரம் இருக்கிற டபிள்யூபி-கான்ஃபிக் போனால் தளமே போனது. முதலில் ஒரு பெரிய பேக்கப்பையோ லாகையோ தூக்கிவிட்டு, அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

பேண்ட்வித்துக்கு வருவோம். இங்கேதான் சிபேனல் என்னை ஏமாற்றுகிறது. பேண்ட்வித் பக்கத்தைத் திறந்தால் கடந்த 24 மணி நேரம், கடந்த வாரம், கடந்த வருடம் என்று வரைபடங்கள், கீழே மாதவாரியான மொத்தம். எச்டிடிபி (தளப் பக்கங்கள்) எவ்வளவு, எஃப்டிபி (ஃபைல் ஏற்றி இறக்குவது) எவ்வளவு, ஐமேப், பாப்3, எஸ்எம்டிபி (மூன்றும் மெயில்) எவ்வளவு என்று நிறம் பிரித்துக் காட்டுவது உண்மையிலேயே உபயோகம், ஏனென்றால் மெயிலும் பேண்ட்வித்தில் சேரும் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. பத்து ஜிபி இன்பாக்ஸ் வைத்திருக்கிற ஒருவர் புது லேப்டாப்பில் ஐமேப் போட்டால் பத்து ஜிபியும் சர்வரிலிருந்து இறங்கும். ஆனால் இந்தப் படத்தில் எச்டிடிபி கோடு திடீரென்று மேலே ஏறியிருந்தால், எந்த ஃபைலால் ஏறியது, யார் இழுத்தார்கள் என்ற அடுத்த கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. அதற்கு ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற தொண்ணூறுகளின் முகத்தோடு இருக்கிற இன்னொரு பக்கத்துக்குப் போக வேண்டும், அதுவும் போதாவிட்டால் ரா அக்சஸில் போய் லாகை இறக்கிப் படிக்க வேண்டும்.

ஏடபிள்யூஸ்டாட்ஸ் அசிங்கமாக இருந்தாலும் ஒரு நல்ல காரியம் செய்கிறது. மேலேயே பார்வையாளர்களால் வந்த போக்குவரத்து, பார்க்கப்படாத போக்குவரத்து என்று இரண்டாகப் பிரித்துக் காட்டும். இரண்டாவதில் பாட்கள் (தானாக ஓடிவருகிற மென்பொருள்கள்), வார்ம்கள், பிழைப் பக்கங்கள் எல்லாம் அடங்கும். சின்னத் தளங்களில் இந்த இரண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பெரிதாக இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். தேடுபொறி பாட்கள், ஏஐ நிறுவனங்களின் பாட்கள், லாகின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறவர்கள், எக்ஸ்எம்எல்ஆர்பிசி என்ற வேர்ட்பிரஸ் ஃபைலைத் தேடி வருகிறவர்கள் என்று ஒரு கூட்டமே உண்டு. பாட்களுக்கு விதி சொல்கிற ரோபோட்ஸ் டெக்ஸ்ட் ஃபைலில் எழுதினால் நல்ல பாட் கேட்கும், கெட்ட பாட் கேட்காது. ஐபி பிளாக்கர் என்ற ஐகான் இருக்கிறது, ஐபி மாறிக்கொண்டே இருக்கிற காலத்தில் அது பெரிதாக ஒன்றும் கிழிக்காது. ஹாட்லிங்க் பாதுகாப்பு மட்டும் நன்றாக வேலை செய்யும், உங்கள் படத்தை வேறு தளம் நேரடியாக இழுத்துக் காட்டினால் அது தடுக்கும்; கிளவுட்ஃப்ளேர் மாதிரி இடைச் சேவை தளத்துக்கு முன்னால் இருந்தால் அங்கேயும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வரம்பு தாண்டினால் 509 என்று ஒரு பக்கம் வரும். எச்டிடிபி தரத்தில் அப்படி ஓர் எண்ணே கிடையாது, ஹோஸ்டிங் உலகம் தானாக வைத்துக்கொண்டது. அந்த மாதம் முடியும் வரையோ ஹோஸ்டிங்காரர் வரம்பைக் கூட்டும் வரையோ தளம் அப்படியே நிற்கும். 100 ஜிபி என்பது எவ்வளவு என்று ஒரு கணக்கு: பக்கம் ஒன்று 2 எம்பி என்றால் 50,000 தடவை திறக்கலாம். சாதாரணத் தளத்துக்குத் தாராளம். அந்தத் தளத்தில் 40 எம்பி பிடிஎஃப் ஒன்று இருந்து, அது வாட்ஸப்பில் சுற்றினால் 2,500 டவுன்லோடில் கதை முடிந்தது. பெரிய ஃபைல், வீடியோ, ஆடியோ எதையும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இனி மெயில். சிபேனலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. அடியில் ஓடுவது மெயிலை அனுப்பி வாங்குகிற எக்ஸிமும் பெட்டியில் வைத்துக் காட்டுகிற டவ்காட்டும், இரண்டும் நன்றாகப் பழுத்த மென்பொருள்கள். டவ்காட்டின் மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் ஒரு தனி ஃபைல். மேலே சொன்ன ஐநோட் கணக்கை இங்கே கொண்டு வந்து பொருத்துங்கள்: ஆறு பேர் அலுவலகத்தில் ஆளுக்கு இருபதாயிரம் மெயில் என்றால் 1,20,000 ஐநோட் மெயிலுக்கே போய்விடும். தளத்தை எவ்வளவு துடைத்தாலும் எண் குறையாத கணக்குகளில் காரணம் அநேகமாக இதுதான்.

இணைப்புகள் இன்னும் மோசம். மெயிலில் ஒட்டுகிற எந்த ஃபைலும் பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறிப் போகிறது, மூன்று பைட் நான்கு எழுத்தாகும், ஆக 15 எம்பி ஃபைல் 20 எம்பியைத் தாண்டும். அதை ஒருவர் அதே அலுவலகத்தில் ஐந்து பேருக்கு அனுப்பினால் ஐந்து இன்பாக்ஸ், ஒரு சென்ட் ஃபோல்டர் என்று ஆறு பெட்டிகளின் கோட்டாவிலும் தனித்தனியாக ஏறும். 120 எம்பி. அப்புறம் ஒருவர் "ரிப்ளை ஆல்" போட்டு இணைப்பையும் சேர்த்தே அனுப்புவார்.

இதற்குத்தான் ஈமெயில் டிஸ்க் யூசேஜ் என்ற ஐகான். இந்தப் பேனலில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அது. பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் இன்பாக்ஸ், சென்ட், ட்ராஷ், ஜங்க் என்று ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை மெயில், எவ்வளவு எம்பி என்று வரும். பக்கத்தில் மேனேஜ் அழுத்தினால் ஒரு வருடத்துக்கு மேல் பழையது, பெரிய அளவுள்ளது, ஏற்கெனவே படித்தது என்று வகை பிரித்து அழிக்கலாம். வெப்மெயிலில் பக்கம் பக்கமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கிற சித்திரவதை இங்கே இல்லை. ஆனால் அழித்தது அழித்ததுதான், ட்ராஷுக்குப் போகாது. ஆகவே பெட்டிக்கு உரியவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, தண்டர்பேர்டில் லோக்கல் ஃபோல்டருக்கு ஒரு பிரதி இழுத்து வைத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

அந்தப் பட்டியலில் யாருமே எட்டிப் பார்க்காத பெட்டி ஒன்று இருக்கும், கணக்கின் சொந்தப் பெயரிலேயே இருக்கிற சிஸ்டம் பெட்டி. கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடுகிற வேலை) ஓடும்போதெல்லாம் அதன் வெளியீட்டை மெயிலாக அங்கே போடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடுகிற கிரான் என்றால் நாளுக்கு 288 மெயில், வருடத்துக்கு லட்சத்தைத் தாண்டும். டிஃபால்ட் அட்ரஸ் அமைப்பும் அந்தப் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தால், உங்கள் டொமைனில் இல்லாத பெயருக்கெல்லாம் ஸ்பேம்காரர்கள் அனுப்புவதும் அங்கே குவியும். அதை, பிழைச் செய்தியோடு நிராகரிக்கும்படி மாற்றிவிடுங்கள், கிரானின் வெளியீட்டையும் நிறுத்துங்கள்.

மெயிலை வேறு முகவரிக்குத் திருப்புகிற ஃபார்வேர்டரில் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியும் இருந்து, அதே முகவரிக்கு ஜிமெயிலுக்கு ஃபார்வேர்டும் போட்டால் மெயில் இரண்டு இடத்துக்கும் போகும். அவர் ஜிமெயிலில் படித்துக்கொண்டு ஆனந்தமாக இருப்பார், இங்கே பெட்டி சத்தமில்லாமல் நிரம்பிக்கொண்டிருக்கும். பேனல் இதை எங்கேயாவது சிவப்பில் எழுதிக் காட்டலாம், காட்டுவதில்லை. இன்னொன்று, ஸ்பேமையும் சேர்த்தே ஃபார்வேர்ட் செய்வதால் ஜிமெயில் கண்ணுக்கு அதை அனுப்பியது உங்கள் சர்வர்தான். ஃபார்வேர்ட் இல்லாமல் ஜிமெயில் ஆப்பிலேயே ஐமேப் கணக்காகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

அனுப்புகிற பக்கம் வரம்பு மணிக்கு இத்தனை என்று டொமைன்வாரியாக இருக்கும், எண்ணை வைப்பது ஹோஸ்டிங்காரர். தாண்டினால் கொஞ்ச தூரம் வரை வரிசையில் நிறுத்திப் பிறகு அனுப்பும், அதற்கும் மேலே போனால் தூக்கிப் போட்டுவிடும். நியூஸ்லெட்டரை இங்கிருந்து அனுப்புவது மடத்தனம், அதற்கென்று சேவைகள் இருக்கின்றன. நியூஸ்லெட்டரே அனுப்பாதவர்களும் மாட்டுவது தொடர்புப் படிவத்தால்: கேப்சா இல்லாத படிவத்தை ஒரு பாட் பிடித்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கான ஒதுக்கீட்டை அதுவே தின்றுவிடும், அலுவலகத்திலிருந்து போகிற உண்மையான மெயில் நிற்கும். நான் பார்த்துக்கொண்ட ஒரு கணக்கில் இதுதான் நடந்தது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஆதரவுப் பிரிவு, பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. காரணத்தைக் காட்டியது சிபேனலின் ட்ராக் டெலிவரி பக்கம். எந்த மெயில், யாரிடமிருந்து, யாருக்கு, போனதா, நின்றதா, தோற்றதா, தோற்றால் எதிர்ச் சர்வர் சொன்ன வாசகம் என்ன என்று வரி வரியாக இருக்கும். அனுப்பியவர் இடத்தில் எந்தப் பெட்டியும் இல்லாமல் கணக்கின் பெயரே வரிசையாக நின்றால், அனுப்பியது தளத்தில் ஓடுகிற ஸ்கிரிப்ட். படிவத்துக்குக் கேப்சா, பிஎச்பி மெயிலுக்குப் பதில் 465 அல்லது 587 போர்ட்டில் பாஸ்வேர்டோடு எஸ்எம்டிபி, வேலை முடிந்தது.

ஈமெயில் டெலிவரபிலிட்டி பக்கமும் நல்ல வேலை. உங்கள் டொமைன் பெயரில் வருகிற மெயில் உண்மையானதுதான் என்று காட்டுகிற எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் இரண்டும் சரியா, சர்வர் ஐபிக்குப் பெயர் சொல்கிற பிடிஆர் இருக்கிறதா என்று பார்த்து, டிஎன்எஸ் (டொமைனின் முகவரிப் பதிவுகள்) அங்கேயே இருந்தால் ஒரே பட்டனில் சரிசெய்யும். டிஎன்எஸ் வெளியே இருந்தால் எதை நகலெடுத்து ஒட்ட வேண்டும் என்று காட்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு, அந்தச் சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்கிற டிமார்க்கும் கட்டாயம் என்று கூகுள் சொல்லிவிட்டது. சின்ன ஆட்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இல்லாமல் காலம் தள்ள முடியாது. எஸ்பிஎஃப்பில் பத்து டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக் கூடாது என்பதையும், ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் வரி இருந்தால் இரண்டும் செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். இவ்வளவு செய்தும் மெயில் ஸ்பேமில் விழுந்தால் பக்கத்துக் கணக்குக்காரன் செய்த வேலையாக இருக்கும். ஷேர்டு ஐபியில் ஒருவன் ஸ்பேம் அனுப்பினால் ஸ்பாம்ஹவுஸின் கறுப்புப் பட்டியலில் எல்லோரும் சேர்ந்தே ஏறுவோம். அதற்குச் சிபேனலில் மருந்து இல்லை.

யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், நாலைந்து பெட்டி, ஒன்றிரண்டு தளம் வைத்திருக்கிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். டைரக்ட்அட்மின் இதைவிட லேசானது, பிளெஸ்க் விண்டோஸ் சர்வரிலும் ஓடும், ஆனாலும் மெயிலில் எங்கே அடைத்திருக்கிறது என்று நமக்கு நாமே கண்டுபிடிக்க சிபேனல் அளவுக்கு மற்ற இரண்டும் எனக்கு உதவியதில்லை. வாங்கும் முன் ஹோஸ்டிங்காரரிடம் ஐநோட் வரம்பு எவ்வளவு, மணிக்கு எத்தனை மெயில், எந்த அளவுக்கு மேல் போனால் எங்கள் கணக்கை உங்கள் பேக்கப்பிலிருந்து விட்டுவிடுவீர்கள் என்று மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவதை நிறையப் பேர் விதிமுறையில் வைத்திருக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

பெட்டிகள் இருபதைத் தாண்டினால், அல்லது ஒரு பெட்டியே பத்து இருபது ஜிபி ஆகிவிட்டால், மெயிலை மட்டும் தனிச் சேவைக்கு மாற்றிவிட்டுத் தளத்தை இங்கேயே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அப்படி மாற்றும்போது மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்கிற எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றினால் போதும் என்று நினைக்காமல் சிபேனலில் ஈமெயில் ரவுட்டிங் பக்கத்தில் ரிமோட் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உலகத்தின் மெயிலெல்லாம் புது இடத்துக்குப் போகும், உங்கள் சொந்தத் தளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து வருவது மட்டும் பழைய பெட்டியிலேயே விழுந்துகொண்டிருக்கும்.